கேமராவைத் தேடும் முன் படச்சுருளைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு நிகழ்ச்சிகளைப் படம் பிடிக்க ஒரு காலத்தில் பயன்பட்ட பழைய மூவி கேமராக்களை இளைஞர்கள் மீண்டும் தேடித் தேடி வாங்குவது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உலோக உடலின் கனம், சாவி கொடுக்கும்போது கையில் தெரியும் இறுக்கம், பொத்தானை அழுத்தியதும் எழும் ஓசை என்று ஒவ்வொன்றையும் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருந்தார். ஆனால் அந்தக் கேமராவுக்குள் எதைப் போடுவது என்ற கேள்விக்கு, படச்சுருள் இணையத்தில் கிடைக்கும் என்ற பொருளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த ஒரு வரியை நம்பி ஆழம் தெரியாமல் காலை விடப்போகும் வாசகர்களை எண்ணியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நானே அப்படிக் காலை விட்டவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் இணைய ஏலம் ஒன்றில், 8 எம்.எம். அகலப் படம் எடுக்கும் கேமரா ஒன்றை வாங்கினேன். நன்றாக வேலை செய்கிறது என்று விற்றவர் எழுதியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. சாவி கொடுத்து அழுத்தினால் தடையில்லாமல் ஓடியது. லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தபோதுதான், சுருளை மாட்டுவதற்கான அச்சுகளே உள்ளே இல்லை என்பது தெரிந்தது. 8 எம்.எம். படத்துக்கென்று 1940-இல் கோடாக் நிறுவனம் அறிமுகப்படுத்திய மேகசின் முறையில் இயங்கும் கேமரா அது. படச்சுருளைத் தட்டையான உலோகக் கூடு ஒன்றில் தொழிற்சாலையிலேயே அடைத்து விற்பார்கள். வாங்குபவர் அந்தக் கூட்டை அப்படியே கேமராவுக்குள் நுழைத்துவிடலாம். சுருளைக் கையால் கோக்கத் தெரியாதவர்களுக்குப் பெரிய வசதி. இன்று அப்படிக் கூட்டில் அடைத்த புதிய படச்சுருளை எந்த நிறுவனமும் தயாரிப்பதில்லை. காலிக் கூடுகளைத் தேடிப் பிடித்து, முழு இருட்டில் கைத்தடவலில் வேறு சுருளை அதற்குள் ஏற்றிப் பயன்படுத்தும் பொறுமைசாலிகள் இருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கேமரா இன்றும் அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை சாவி கொடுத்து ஓசையை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஏமாற்றத்துக்குக் காரணம், தேடலை நான் தலைகீழாகத் தொடங்கியதுதான். இன்று எந்த அளவுப் படச்சுருள் புதிதாகக் கிடைக்கிறது, அதைக் கழுவித் தரும் லேப் எது, கழுவிய படத்தை எப்படிப் பார்க்கப்போகிறோம் என்ற மூன்றையும் முடிவு செய்துகொண்டு, அதன் பிறகே அதற்கு ஏற்ற கேமராவைத் தேட வேண்டும். டிஜிட்டல் கருவிகளிடம் பழகிய நமக்குக் கருவியை வாங்குவதே வேலையின் முடிவாகத் தோன்றுகிறது. பிலிம் கேமராவைப் பொறுத்தவரை அது பாதி வேலைகூட இல்லை.

அளவுகளின் வரலாற்றைச் சற்றே அறிந்திருப்பது இங்கே பணத்தைக் காப்பாற்றும். பிரான்சின் பாத்தே நிறுவனம் 1922-இல் 9.5 எம்.எம். படத்தைக் கொண்டுவந்தது. மற்றப் படச்சுருள்களில் ஓரத்தில் இருக்கும் துளை, இதில் இரண்டு பிரேம்களுக்கு நடுவே, படத்தின் மையக்கோட்டில் இருக்கும். அழகான ஏற்பாடு, ஆனால் இன்று இதற்கான சுருளைச் சில ஆர்வலர்கள் அகலமான படத்திலிருந்து வெட்டித் துளையிட்டால்தான் உண்டு. அடுத்த ஆண்டு, 1923-இல், கோடாக் 16 எம்.எம். படத்தை வெளியிட்டது. நூறு ஆண்டுகளைக் கடந்த பிறகும் புதிய சுருள் தடையில்லாமல் கிடைப்பது இந்த அளவுக்குத்தான் என்றாலும், செலவைக் கணக்கிட்டால் வீட்டு உபயோகத்துக்குத் தாங்காது. பொருளாதார நெருக்கடி உலகை வாட்டிய 1932-இல் அதே நிறுவனம் செலவைக் குறைக்க ஒரு தந்திரம் செய்தது. 16 எம்.எம். அகலமுள்ள 25 அடிச் சுருளில் துளைகளை இரு மடங்காக்கி, முதலில் ஒரு பாதி அகலத்தில் மட்டும் படம் பிடித்து, சுருளைத் திருப்பி மாட்டி மறு பாதியில் படம் பிடித்து, கழுவிய பின் நடுவே நெடுக வெட்டி ஒட்டினால் 50 அடி 8 எம்.எம். படம் கிடைத்துவிடும். பழைய குடும்பப் படங்களில் பாதி வழியில் திடீரென்று வெளிச்சம் பாய்ந்து பிரேம்கள் வெளுத்துப் போவதைப் பலர் பார்த்திருக்கலாம்; சுருளைத் திருப்பி மாட்டியபோது உள்ளே புகுந்த வெளிச்சம் அது.

1965-இல் வந்த சூப்பர் 8 இந்தத் தொல்லைகளை எல்லாம் ஒழித்தது. 50 அடிப் படம் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜுக்குள் அடைபட்டு வந்தது. கோக்கவோ திருப்பவோ வேண்டியதில்லை. துளைகளைச் சிறிதாக்கியதால் மிஞ்சிய இடத்தில் படம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாயிற்று. அதே ஆண்டு ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் சிங்கிள்-8 என்ற போட்டி முறையைக் கொண்டுவந்தது. கழுவிய படங்கள் இரண்டும் ஒரே புரொஜெக்டரில் ஓடும். ஆனால் ஒன்றின் கார்ட்ரிட்ஜ் மற்றதன் கேமராவில் நுழையாது. விற்பனை விளம்பரங்களில் இவ்விரண்டையும் குழப்பி எழுதுபவர்கள் ஏராளம். சிங்கிள்-8 கேமராக்கள் நேர்த்தியானவை, பல சமயம் மலிவாகவும் கிடைப்பவை. அந்த மலிவுக்குக் காரணம் புதிய சுருள் வருவதில்லை என்பதே. 1977-இல் போலராய்டு கொண்டுவந்த உடனடி மூவி முறையும் அவ்வப்போது ஏலத்துக்கு வருகிறது. அது வெளிவந்த காலத்திலேயே விலை போகாமல் நின்றுபோனது என்று சொல்லி நகர்ந்துவிடலாம்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்கு நடைமுறையில் இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று சூப்பர் 8. கோடாக் இன்றும் அதற்கு விஷன்3 வரிசையில் வண்ண நெகட்டிவ் சுருள்களையும், டிரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை ரிவர்சல் சுருளையும், எக்டாகுரோம் 100டி என்ற வண்ண ரிவர்சல் சுருளையும் தருகிறது. மற்றொன்று, மேலே சொன்னபடி சுருளைத் திருப்பி மாட்டி இரு பாதிகளிலும் படம் பிடிக்கும் பழைய இரட்டை 8 எம்.எம். இதற்குச் செக் நாட்டின் ஃபோமா நிறுவனம் ஆர்100 என்ற கறுப்பு வெள்ளை ரிவர்சல் படத்தைத் தயாரிக்கிறது. நெகட்டிவ், ரிவர்சல் என்ற சொற்களை வாங்குபவர் கட்டாயம் கவனிக்க வேண்டும். ரிவர்சல் சுருளைக் கழுவினால் கிடைப்பது நேரான படம். அப்படியே புரொஜெக்டரில் ஏற்றிச் சுவரில் பார்க்கலாம். நெகட்டிவைக் கழுவினால் நிறங்கள் தலைகீழாகத்தான் இருக்கும். ஸ்கேன் செய்து கணினியில் திருப்பினாலொழியப் பார்க்க முடியாது. இருட்டறையில் புரொஜெக்டர் ஓட்டும் கனவோடு நெகட்டிவை வாங்கி, கழுவி வந்த செம்மஞ்சள் நாடாவைப் பார்த்துத் திகைத்து நின்ற நண்பர் ஒருவரை நான் அறிவேன்.

கழுவும் லேபையும் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. சாதாரண வண்ணப் புகைப்பட நெகட்டிவைக் கழுவும் கடைக்காரர் திரைப்பட நெகட்டிவை ஏற்க மாட்டார். இரண்டும் வெவ்வேறு ரசாயன முறைகள் என்பதோடு, அண்மைக்காலம் வரை வந்த விஷன்3 சுருள்களின் முதுகில் ஒரு கரிப்பூச்சும் உண்டு. தனியே அகற்றாவிட்டால் அது கரைந்து, மற்றவர்களின் படங்களையும் இயந்திரத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். சூப்பர் 8 சுருளைக் கழுவ அதற்கென்று உள்ள லேபுகளுக்குத்தான் அனுப்ப வேண்டும். அஞ்சலிலோ விமானத்திலோ போகும்போது, பெட்டிகளை எக்ஸ் கதிரால் ஊடுருவிச் சோதிக்கும் புதிய வகை சி.டி. ஸ்கேனர்களில் நுழைந்த கழுவாத படம் புகை படிந்ததுபோல் மங்கிப்போகக்கூடும். கையோடு எடுத்துச் செல்பவர்கள், கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்வதே வழி.

செலவைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். சூப்பர் 8 சுருள் ஒன்றில் 3,600 பிரேம்கள் அடங்கும். வினாடிக்கு 18 பிரேம் வேகத்தில் ஓட்டினால் 3 நிமிடம் 20 வினாடி. திரைப்பட வேகமான 24-இல் ஓட்டினால் இரண்டரை நிமிடம். இந்த மூன்று நிமிடத்துக்குப் படச்சுருளின் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கட்டணம், இரு வழி அஞ்சல் செலவு என்று நான்கு முறை பணம் கொடுக்க வேண்டும். சில சுருள்கள் ஓடி முடிவதற்குள் செலவு கேமராவின் விலையைத் தாண்டிவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மூன்று நிமிடம்தான் என்று தெரிந்த கை எதைப் பார்த்தாலும் பொத்தானை அழுத்தாது. குழந்தை நடந்து வருவதை எட்டு வினாடி பிடித்து நிறுத்திக்கொள்ளும். பழைய குடும்பப் படங்கள் அலுப்பூட்டாமல் இருப்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இனிக் கேமராவுக்கு வருகிறேன். சூப்பர் 8 கார்ட்ரிட்ஜின் முகப்பில் உள்ள வெட்டுகளைத் தொட்டறிந்து, உள்ளே இருக்கும் படத்தின் வேகத்தை, அதாவது ஒளியை உணரும் திறனை, கேமரா தானாகவே கண்டுகொள்ளும். விலை குறைந்த கேமராக்கள் பலவற்றுக்கு ஏஎஸ்ஏ 40, 160 என்ற இரண்டு வேகங்கள் மட்டுமே தெரியும். அவை செய்யப்பட்ட நாளில் அவ்விரண்டும் போதுமானவையாக இருந்தன. அத்தகைய கேமராவில் டிரை-எக்ஸ் சிக்கலின்றிப் படம் பிடிக்கும்; நெகட்டிவும் வெளிச்சம் சற்றுக் கூடினால் பொறுத்துக்கொள்ளும். எக்டாகுரோம் 100டி பொறுக்காது. ரிவர்சல் படத்துக்கு அளவுப் பிழை ஆகாது. கொஞ்சம் கூடினால் வெளுத்துவிடும், கொஞ்சம் குறைந்தால் இருண்டுவிடும். ஆகவே அந்தச் சுருளில்தான் படம் பிடிப்பேன் என்பவர்கள், ஏஎஸ்ஏ 100-ஐ அறியும் கேமராவா அல்லது லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவைக் கையால் மாற்ற வசதி உள்ள கேமராவா என்று கையேட்டைத் தேடிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். பெரும்பாலான பழைய கேமராக்களின் கையேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. டிஜிட்டல் யுகம் இந்தப் பொழுதுபோக்குக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்தக் காலத்துச் சூப்பர் 8 வண்ணப் படம் விளக்கொளிக்கு ஏற்பத் தயாரிக்கப்பட்டது. வெயிலில் நிறம் சரியாக வருவதற்காகக் கேமராவுக்குள்ளேயே ஆரஞ்சு நிறக் கண்ணாடி ஒன்றை வைத்தார்கள். சூரியன், மின்விளக்கு என இரண்டு படங்கள் போட்ட ஒரு விசை பல கேமராக்களில் இருப்பது அதற்காகவே. எக்டாகுரோம் 100டி போன்ற பகலொளிப் படத்தைப் போட்டுவிட்டு, வெளியில்தானே எடுக்கிறோம் என்று விசையைச் சூரியன் பக்கம் தள்ளினால் எல்லாம் மஞ்சள் பூத்து வந்துவிடும். நடு வெயிலில் நின்றுகொண்டு விசையை மின்விளக்குப் பக்கம் வைத்தால்தான் அந்தக் கண்ணாடி விலகும்.

ஒளிமானியின் கதை வேறு. பழைய கேமராக்கள் பலவற்றின் ஒளிமானிகள் 1.35 வோல்ட் பாதரசப் பொத்தான் பேட்டரியை நம்பியவை. பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாக அவை சந்தையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. அதே உருவில் கிடைக்கும் இன்றைய பேட்டரியைப் போட்டால் முள் அசையும்; ஆனால் மின்னழுத்தம் கூடுதல் என்பதால் அளவு தவறும். காது கேட்கும் கருவிகளுக்கான துத்தநாகக் காற்றுப் பேட்டரி ஏறத்தாழச் சரியான அழுத்தம் தரும், ஆனால் நீடித்து உழைக்காது. பேட்டரியே வேண்டாத செலினியம் ஒளிமானி கொண்ட கேமராக்களில் அந்தச் செலினியத் தகடே காலப்போக்கில் சோர்ந்து போயிருக்கும். கைபேசியில் ஒளி அளக்கும் செயலியை இறக்கிக்கொண்டு, துளை அளவைக் கையால் வைப்பதே என் வழக்கம்.

விளம்பரங்களைப் படிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். சோதிக்கப்படவில்லை என்று ஒருவர் எழுதினால், சோதித்துப் பார்த்தார், ஓடவில்லை என்று பொருள் கொள்வது பெரும்பாலும் பிழையாகாது. வேலை செய்கிறது என்றால் என்னென்ன வேலை செய்கின்றன என்று கேட்க வேண்டும். மோட்டார் ஓடுவது ஒன்று, படத்தை எதிர்முனையில் சுற்றி இழுக்கும் அச்சு சுழல்வது ஒன்று, ஒளிமானி முள் அசைவது ஒன்று. பேட்டரி அறையின் படத்தை அனுப்பச் சொன்னால் தயங்குபவரிடம் வாங்காதிருப்பது நலம். பச்சைக் களிம்பு ஏறிய முனைகளைத்தான் அநேகமாக மறைக்கிறார். லென்ஸுக்குப் பின்னாலிருந்து விளக்கொளி காட்டி எடுத்த படம் ஒன்றும் வேண்டும். சிலந்தி வலை போன்ற பூஞ்சை அதில்தான் தெரியும். மோட்டார் வைத்த நவீன மாதிரிகளைவிடச் சாவி கொடுத்து ஓட்டும் பழைய இரட்டை 8 கேமராக்களே அதிக நாள் உழைத்திருக்கின்றன என்பது என் அனுபவம். கெட்டுப்போக அவற்றில் மின்சுற்றே இல்லை. புதிய கருவிதான் வேண்டும் என்பவர்களுக்காக, 2016-இல் அறிவித்த சூப்பர் 8 கேமராவைக் கோடாக் 2023 இறுதியில் ஒருவழியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் பழைய கேமராக்களிடமே திரும்பிவிடுகிறார்கள்.

காலாவதியான சுருள்கள் மலிவாகக் கிடைக்கும்போது ஆசை வரும். கறுப்பு வெள்ளையில் துணிந்து பார்க்கலாம், வண்ணத்தில் சூதாட்டம். கோடாகுரோம் என்று பெட்டியில் இருந்தால் அது அலங்காரப் பொருள் மட்டுமே. 1935-இல் தொடங்கிய அந்தப் படத்தில் நிறம் தரும் பொருள் சுருளிலேயே கிடையாது. கழுவும் ரசாயனத்திலிருந்துதான் படத்துக்குள் ஏறும். உலகிலேயே கடைசியாக அதைக் கழுவிய லேப், அமெரிக்காவின் கேன்சாஸ் மாநிலத்தில் இருந்தது. 2010 டிசம்பர் 30 வரை வந்து சேர்ந்த சுருள்களோடு அந்த வேலையை நிறுத்திக்கொண்டது. இன்று கோடாகுரோமை எங்கே கொடுத்தாலும் மிஞ்சுவது கறுப்பு வெள்ளைப் படம்தான்.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட, என் மனதை மிகவும் உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. வாங்கிய கேமராவுக்குள் பழைய உரிமையாளரின் படம் இருக்கக்கூடும். அடி அளவு காட்டும் எண் பூஜ்யத்தில் இல்லையென்றால், ஆவலில் மூடியைத் திறந்துவிடக் கூடாது. வெளிச்சம் பட்ட இடமெல்லாம் அந்த வினாடியே அழியும். கழுவாமல் பல்லாண்டு கிடந்த படத்தையும் கறுப்பு வெள்ளையாகக் கழுவி உருவங்களை மீட்கும் லேபுகள் இருக்கின்றன. கேமராவோடு சேர்த்து, கழுவிய சுருள்களையும் ஒரு பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்குபவருக்கு அவை பாரம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் பயணங்களுக்கும் வேறு பிரதி கிடையாது. பெட்டியைத் திறந்ததும் காடி (வினிகர்) வாசனை அடித்தால், படச்சுருளின் அசிடேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை நிறுத்த முடியாது, குளிரில் வைத்துத் தாமதப்படுத்தத்தான் முடியும். அப்படிச் சுருங்கிய படத்தைப் பழைய புரொஜெக்டரில் ஏற்றினால் பற்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில் ஏற்றச் சொல்ல வேண்டும்.

வீட்டுக் கேமராவின் படம்தானே என்று அவற்றைத் தள்ளிவிட முடியாது. 1963-இல் அதிபர் கென்னடி சுடப்பட்டதைக் காட்டும் 26 வினாடிப் படம், சாவி கொடுத்து ஓடும் 8 எம்.எம். பெல் அண்ட் ஹவல் கேமராவில் ஆபிரகாம் ஜாப்ரூடர் என்ற ஆடை வணிகர் எடுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரை முள்வேலிக்குள் அடைத்த முகாம் ஒன்றில், டேவ் டாட்சுனோ என்பவர் கள்ளத்தனமாகக் கொண்டுவந்த 8 எம்.எம். கேமராவால் அன்றாட வாழ்வை வண்ணத்தில் பதிவு செய்தார். அந்தப் படம் 1996-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆகவே கேமராவை விற்பவர்கள், சுருள்களைத் தனியே எடுத்து வைத்து அந்தக் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விற்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். இப்பொருள் குறித்து அடுத்த முறை எழுதும்போது, கேமராக்களின் படங்களுக்குத் தந்த இடத்தில் பாதியையாவது, இன்று கிடைக்கும் படச்சுருள்களுக்கும் அவற்றைக் கழுவும் லேபுகளுக்கும் ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவையும் வேண்டுகிறேன்.

இம்முறை நான் முறைப்படி நடந்துகொண்டேன். இரட்டை 8 கறுப்பு வெள்ளைச் சுருள்கள் இரண்டு குளிர்பதனப் பெட்டியில் இருக்கின்றன. கழுவித் தருவதாக ஒரு லேபும் பதில் எழுதியிருக்கிறது. கேமராவைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்